‘கா’ போட்ட மூட்டைகள்

செப்டம்பர் 22, திங்கள்

டயரியில் டயரைப் பற்றி எழுதுகிற முதல் மனுஷன் நானாகத்தான் இருப்பேன். இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றால் என் மனைவி கோமளா டிவி சீரியலில் மூழ்கியிருக்கிறாள்.

இன்று நந்தகோபால் சார் மீட்டிங் போட்டார். எங்கள் உருக்காலைக்கு அவர்தான் மேனேஜர். மீசைக்கு மை அடித்துவிட்டு தலைக்கு அடிக்க மறந்திருந்தார். மேலே பௌர்ணமி, கீழே அமாவாசை. விஷயம் இதுதான்: கரண்ட் அடுப்பில் பழைய இரும்பை உருக்கும்போது கொஞ்சம் கரி போட வேண்டும். கரி போட்டால்தான் மேலே மிதக்கிற கசடு தோசை மாவு மாதிரி பொங்கும். பொங்கினால்தான் சூடு உள்ளேயே நிற்கும். இத்தனை வருஷம் கோக் கரி போட்டோம். இனிமேல் பாதிக்குப் பாதி கழிவு டயரும் பிளாஸ்டிக்கும். “அதுலயும் இருக்கறது கார்பன்தான். ஊருக்குக் குப்பை, நமக்குக் கரி” என்றார் சார். கைதட்டினோம். டீ வருவதற்கு முன்னால் என்ன சொன்னாலும் கைதட்டுவோம்.

அடுப்பு போர்மேன் தனுஷ்கோடி மட்டும் எழுந்தான். ராமநாதபுரத்துக்காரன், பதினெட்டு வருஷமாக அடுப்பு முன்னால் நிற்கிறவன். எனக்குத் தம்பி மாதிரி.

“சார், டயர் சில்லுக்குள்ள தண்ணி நிக்கும். கிரேன்ல தூக்கிக் கொட்டுற முதல் கூடை பரவால்ல. ரெண்டாவது கூடை கொதிக்கிற இரும்பு மேல விழுது. ஒரு வாளித் தண்ணி அடியில மாட்டுச்சுன்னா ஆவியாகி அடுப்பு மூடியே எகிறிடும். முன்னாடி நிக்கிறவன் கதி?”

பழைய இரும்பு யார்டைப் பார்த்துக்கொள்கிற என் பக்கம் சார் கை காட்டினார். “அதுக்குத்தான் பாலகுரு இருக்கார். யார்டுல ஈரம் பார்த்து, அவர் கையெழுத்துப் போட்டாத்தான் மூட்டை அடுப்புக்குப் போகும்.”

கோடி என்னைத் திரும்பிப் பார்த்தான். “அண்ணன் பார்த்தா சரி” என்று உட்கார்ந்துவிட்டான்.

ஐம்பத்திரண்டு வயதில், முன்னால் தொப்பையும் பின்னால் மூலமுமாக, நான் ஒரு பாதுகாப்பு அதிகாரி ஆகிவிட்டேன்.

செப்டம்பர் 24, புதன்

முதல் லோடு வந்தது. டயரைப் பாக்குச் சீவல் மாதிரி சீவி, ஆள் உயர மூட்டைகளில் அடைத்து அனுப்பியிருக்கிறார்கள். வெற்றிலைதான் குறை. பிளாஸ்டிக்கைப் பார்த்தால் ஷாம்பு டப்பா, வாளிக் காது, பொம்மைக் கை. ஒரு பொம்மைக் கை மூட்டை வாயில் நீட்டிக்கொண்டு என்னிடம் எதையோ கேட்பது போல இருந்தது. உள்ளே தள்ளிவிட்டேன்.

மூட்டை பிரித்து அடுக்க அஞ்சலை செட்டு. ஏழு பெண்கள். அஞ்சலை மேஸ்திரி. எண்ணூர்ப் பேச்சு, யாருக்கும் பயப்படமாட்டாள். எனக்கு இரண்டு ஊசி வைத்த ஒரு மீட்டர் கொடுத்திருக்கிறார்கள். மூட்டையில் குத்தினால் ஈரம் எவ்வளவு என்று நம்பர் காட்டும். கையில் பிடித்தபோது நாட்டு டாக்டர் மாதிரி ஒரு தோரணை வந்தது.

“காஞ்ச மூட்டைக்கு அடையாளம் போடணும் அஞ்சலை. ‘காய்ந்தது’ன்னு எழுதிடு.”

“அம்மாம் பெருசாவா சார்? நூறு மூட்டை கீது. சாக்பீஸு இன்னாத்துக்கு ஆவறது?”

“சரி, ‘கா’ மட்டும் போடு.”

அவள் செட்டு முழுக்க “கா கா” என்று கத்திக்கொண்டு மூட்டை மூட்டையாகப் போட்டது. சுவரில் இருந்த நிஜக் காக்கைகள் குழம்பிப் போயின. வேலையை எளிமையாக்குவதில் எனக்கு ஒரு திறமை உண்டு. யாரும் பாராட்டுவதில்லை, நானே பாராட்டிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஒரு ஹீட்டுக்கு, அதாவது ஒரு தடவை உருக்க, நான்கு மூட்டை. கசடு பொங்கிய அழகைப் பார்த்து கோடியே “பொங்கலோ பொங்கல்” என்றான். வெல்லம் கேட்டேன், கையுறையால் முதுகில் ஒன்று போட்டான்.

ஒரே குறை, நாற்றம். வீட்டுக்குள் நுழைந்ததும் கோமளா, “என்னங்க, பஞ்சர் கடைக்கு எதுவும் மாறிட்டீங்களா?” என்றாள். சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். ஊரில் நாளைக்கு வேறு கதை ஓடும்.

அக்டோபர் 6, திங்கள்

எல்லா மூட்டையிலும் குத்திப் பார்க்கிறேன் என்று கோடியிடம் சொன்னேன். எல்லாம் என்றால், ஒவ்வொரு வரிசையிலும் மேலே இருக்கிற மூட்டை. அடியில் இருப்பதைக் குத்த நான் பல்லியாகப் பிறந்திருக்க வேண்டும். வெயில் இந்தக் கொளுத்து கொளுத்துகிறது, எதில் ஈரம் இருக்கும்?

அக்டோபர் 15, புதன்

மழை ஆரம்பித்துவிட்டது. தார்ப்பாய் கேட்டு எழுதிப் போட்டேன். “பார்க்கலாம்” என்றார் சார். அவருடைய பார்க்கலாமுக்கு வயது வரம்பு கிடையாது.

மீட்டருக்குப் பேட்டரி தீர்ந்து ஐந்து நாளாகிறது. ஸ்டோரில் சொல்லியிருக்கிறேன். அதுவரை கண்ணால் பார்க்கிறேன். கண்ணுக்குப் பேட்டரி வேண்டாம்.

அக்டோபர் 21, செவ்வாய். கள்ளக்குறிச்சி

தீபாவளிக்கு மாமனார் வீடு. மூன்று நாளில் மூன்று கிலோ. மத்தியானம் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது அஞ்சலையிடமிருந்து போன். இங்கே மச்சினன் பையன்கள் கொளுத்திய சரவெடி, அங்கே மழைச் சத்தம். நடுவில் இரண்டு பேரும் கத்தினோம்.

“சார், பின்னாடி வரிசை மொத்தமும் நனஞ்சு கெடக்குது. இன்னா பண்றது?”

“காயணும். பிரிச்சுக் காய வை.”

“வச்சுட்டோம் சார். முன்னாடி ஷெட்டாண்ட தள்ளி வச்சுகீறோம்.”

“அடையாளம் போட்டு வை. காயணும்னு தெரியற மாதிரி.”

“ஆங், போட்டுர்றேன் சார்.”

அதிரசம் ஆறிவிட்டது. இருந்தாலும் ஐந்து.

அக்டோபர் 24, வெள்ளி

வந்து பார்த்தால் யார்டு பளிச்சென்று இருக்கிறது. ஷெட் வாசலில் புதுசாக மூன்று வரிசை, எல்லாவற்றிலும் பெரிது பெரிதாக ‘கா’. பெண் பிள்ளைகளிடம் ஒரு வேலையைச் சொன்னால் முடித்துவிடுகிறார்கள். நான்தான் தேவையில்லாமல் கள்ளக்குறிச்சியில் கவலைப்பட்டுச் சாப்பிட்டேன்.

“நீங்க சொன்ன மாதிரியே கா போட்டுட்டேன் சார்” என்றாள் அஞ்சலை.

“நல்ல பொண்ணு” என்றேன். வாசலில் இருக்கிற வரிசையிலிருந்தே ஏற்றச் சொல்லி போர்க்லிப்ட் டிரைவரிடம் சொல்லிவிட்டேன். பின்னால் போய் எடுத்தால் சேற்றில் வண்டி மாட்டுகிறது.

அக்டோபர் 27, திங்கள்

அடுப்பு இருமுகிறதாம். கோடி டீக்கடையில் சொன்னான். “முதல் கூடை போட்டதும் டொப்புனு ஒரு சத்தம் அண்ணே. கதவு வழியா நெருப்பு எட்டிப் பார்த்துட்டுப் போவுது.”

“உங்க அடுப்புக்கு வயசாச்சு. கற்பூரவல்லி கஷாயம் குடு.”

சிரித்தான். ஆனால் டீயைப் பாதியில் வைத்துவிட்டான். கோடி டீயைப் பாதியில் வைத்து நான் பார்த்ததில்லை.

அக்டோபர் 30, வியாழன்

மழை. இருமல் இரண்டு. பேட்டரி வரவில்லை.

நவம்பர் 3, திங்கள்

கோடி யார்டுக்கே வந்துவிட்டான். அடுப்பு ஆட்கள் இங்கே வரமாட்டார்கள், வந்தால் சட்டை அழுக்காகிவிடும் என்று கேலி பண்ணுவோம். இன்று கேலி பண்ண வாய் வரவில்லை. அவன் இடது புருவம் பொசுங்கியிருந்தது.

“அண்ணே, சும்மா கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. ஈரம் பார்க்கறீங்கல்ல?”

“இதோ பார் தம்பி, கண் இருக்கா? ஒவ்வொண்ணுலயும் போட்டிருக்கு. கா, கா, கா.”

“என்னண்ணே, சின்னப் பிள்ளைங்க சண்டை போட்டா கா விடுமே, அது மாதிரி.”

“அது உன் கூட விட்டது. இது காய்ந்ததுக்குக் கா.”

அவன் ஒரு மூட்டை மேல் உள்ளங்கையை வைத்தான். கொஞ்ச நேரம் வைத்திருந்தான். காய்ச்சல் பார்க்கிற மாதிரி. “ஜில்லுன்னு இருக்கு அண்ணே.”

“மழைக்காலத்துல உன் பொண்டாட்டி கையும்தான் ஜில்லுனு இருக்கும்.”

அவன் பொண்டாட்டி சொர்ணத்தை இழுத்தது தப்பு. முகம் சுருங்கிவிட்டது. என்றாலும் போகும்போது, “நீங்க பார்த்தா சரி” என்றான். அதே வார்த்தை. அவன் அதைச் சொல்லாமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் போல் தோன்றுகிறது. ஏன் என்று தெரியவில்லை.

நவம்பர் 5, புதன்

வெள்ளிக்கிழமை வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள். கழிவை வைத்து இரும்பு செய்கிற அதிசயத்தைப் பார்க்க. நந்தகோபால் சார் தலைக்கும் மை அடித்துவிட்டார். இப்போது முழு அமாவாசை. அன்றைக்கு நாலு மூட்டை இல்லை, பத்தாம். இரண்டாம் கூடையில் ஆறு.

கோடி வேண்டாம் என்றிருக்கிறான். “பாலகுரு கையெழுத்துப் போட்டிருக்கார், உங்களுக்கென்ன?” என்றாராம் சார்.

என் கையெழுத்தை இவ்வளவு பேர் நம்புகிறார்கள். பேங்கில்தான் மூன்று தடவை திருப்பி அனுப்புவார்கள்.

நவம்பர் 7, வெள்ளி

இன்று எழுத வரவில்லை.

நவம்பர் 8, சனி

கோமளா துவைக்கப் போட்ட சட்டையை எடுத்து வந்து, “பாக்கெட் பூரா எதுக்கு இவ்வளவு சாக்பீஸ் தூள்?” என்று கேட்டாள். யார்டு வேலை என்றால் சாக்பீஸ் இருக்காதா என்று கத்தினேன். அவள் சட்டையை உதறிக்கொண்டே உள்ளே போய்விட்டாள். கத்தியது தப்பு.

நடந்ததை ஒழுங்காக எழுதிவிடுகிறேன். நாளைக்கு யாராவது கேட்டால் மாற்றிச் சொல்லக்கூடாது.

விருந்தாளிகள் கேன்டீனில் இருந்தார்கள். முதல் கூடை உருகிக்கொண்டிருந்தது. இரண்டாம் கூடைக்கு ஆறு மூட்டை ஷெட் வாசலிலிருந்து ஏற்றி முடித்தாயிற்று. கூடை இன்னும் யார்டில்தான் நின்றது. நான் சீட்டில் ‘ஈரம் இல்லை’ என்று கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தேன். அப்போது அஞ்சலை வந்தாள். கேன்டீனில் இரண்டாம் பந்தி மணி அடித்தது. அதனால் நேரம் நன்றாகத் தெரியும், இரண்டு ஐந்து.

“சார், அந்த மூட்டைங்கள ஏன் சார் ஏத்திகீறாங்க? அதான் கா போட்டுகீதே?”

“கா போட்டதைத்தானே ஏத்தணும்.”

“அய்ய. நீங்கதான சார் போன்ல சொன்னீங்க, காயணும்னு அடையாளம் போடுன்னு? அதான் கா. காயணும். நனஞ்ச மூட்டைங்க சார் அது. அடி மூட்டைய அமுக்கினா இன்னும் தண்ணி வருது.”

ஒரே எழுத்து. அதற்குப் பின்னால் அவள் ஒரு வார்த்தையை வைத்திருந்தாள், நான் ஒரு வார்த்தையை வைத்திருந்தேன். பதினைந்து நாளாக அடுப்பு இருமியது எதனால் என்று அந்த ஒரு நொடியில் தெரிந்துவிட்டது.

உடனே அடுப்புக்குப் போன் செய்தேன்.

எடுத்தது கோடி. அடுப்பை ஓட்டுகிற கண்ணாடி ரூமுக்குள் இருந்தான். “கோடி, கூடையை நிறுத்து. மூட்டையெல்லாம் ஈரம்” என்றேன். “எத்தனைண்ணே?” என்றான். “ஆறும்” என்றேன். போனை வைக்கவில்லை, அப்படியே போட்டுவிட்டான். அவன் கத்துவது கேட்டது. “எல்லாரும் உள்ள வாங்கடா, ஓடியாங்கடா.” நாலு பேர் கண்ணாடி ரூமுக்குள் ஓடி வந்திருக்கிறார்கள். அவன் மட்டும் வெளியே ஓடியிருக்கிறான். கூடை அடுப்புக்கு நேர் மேலே போயிருந்தது. கிரேன்காரன் வாக்கிடாக்கி எடுக்கவில்லை. கோடி மேலே பார்த்துக் கை ஆட்டிக்கொண்டு நின்றானாம். அதற்குள் கூடை வாயைத் திறந்துவிட்டது.

சத்தம் யார்டில் என் காலுக்கு அடியில் வந்தது. காக்கைகள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. பிறகு கூரைத் தகடு ஒவ்வொன்றாக விழுந்துகொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது.

கோடி உயிரோடு இருக்கிறான். முதுகும் இரண்டு கையும் வெந்திருக்கின்றன. காது இரண்டும் போய்விட்டது என்கிறார்கள்.

நவம்பர் 10, திங்கள்

விசாரணை. ஏசி ரூமில் வியர்த்த ஒரே ஆள் நான். அது என் உடம்புவாகு என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் கண்டுகொள்ளவில்லை.

“உங்களுக்கு எப்ப தெரிஞ்சது?”

“தெரிஞ்சதும் போன் பண்ணிட்டேன்.”

கண்ணாடி ரூம் ரிஜிஸ்டரில் போன் வந்த நேரம் 2.20 என்று போட்டிருக்கிறது. அதையே எழுதிக்கொண்டார்கள். அந்தக் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடும் என்று எப்போதோ யாரோ சொன்ன ஞாபகம்.

யார்டையும் போய்ப் பார்த்தார்கள். மீதி இருந்த நனைந்த மூட்டைகளில் ‘காயணும்’ என்று முழுசாக, தெளிவாக எழுதியிருக்கிறது. காய்ந்த மூட்டைகளில் ‘காய்ந்தது’. படம் எடுத்துக்கொண்டார்கள். “யார்டுல குழப்பமே இல்லையே” என்றார் வந்தவர். நந்தகோபால் சார் பெரிதாக மூச்சு விட்டார். ஏற்றி வைத்த கூடையில் மழை விழுந்திருக்கும் என்று முடிவாகிறது போலிருக்கிறது. மழைக்குச் சம்மன் அனுப்ப முடியாது.

நவம்பர் 13, வியாழன்

அஞ்சலை இரண்டு நாளாக என்னிடம் பேசவில்லை. இன்று நானே போய் நின்றேன்.

“என்ன அஞ்சலை, கா விட்டுட்டியா?”

அவள் சிரிக்கவில்லை. மூட்டையை இழுத்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“என்னைக் கூப்ட்டு கேட்டாங்க சார். நான் எதுவும் சொல்லல. புருசன் இல்லாதவ, இந்த வேலையும் போச்சுன்னா எங்க போவேன்? ஆனா நான் உங்க பக்கத்துலயே நின்னுகினு இருந்தேன் சார். போனைப் போடுங்க சார், போனைப் போடுங்க சார்னு சொல்லினே இருந்தேன். நீங்க ஒவ்வொரு மூட்டையா போயி எழுதினு இருந்தீங்க.”

“அது... அடுத்தாப்புல வேற எவனாவது தப்பா ஏத்திடக் கூடாதுன்னு.”

“அப்டியா சார்?” என்றாள்.

அவ்வளவுதான் கேட்டாள். முப்பத்தொன்பது மூட்டை. எழுதி முடித்தபோது சாக்பீஸ் நகம் அளவுதான் இருந்தது. இத்தனை நாளும் எனக்குக் கையெழுத்து மோசம். அன்றைக்கு மட்டும் முத்து முத்தாக விழுந்தது.

நவம்பர் 15, சனி

கேட் பக்கத்துப் பலகையில் என் போட்டோ. ‘சமயோசிதமாக நான்கு உயிர்களைக் காத்தவர்.’ பழைய போட்டோ, தலையில் முடி இருக்கிறது. அந்த நான்கு பேரில் ஒருத்தன் கண் கலங்கிக் கையைப் பிடித்துக்கொண்டான். “பாலகுரு சார், நீங்க போன் பண்ணலன்னா?”

எனக்கு ஒரு ஜோக் வாய் வரைக்கும் வந்தது. நான் போன் பண்ணவில்லை என்றால் கோடி கண்ணாடி ரூமை விட்டு வெளியே வந்திருக்கவே மாட்டான் என்று. அது ஜோக் இல்லை என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

புது லோடு திங்கட்கிழமை வருகிறது. தார்ப்பாயும் வருகிறதாம். பேட்டரி நேற்றே வந்துவிட்டது.

நவம்பர் 18, செவ்வாய்

இன்றுதான் பார்க்க விட்டார்கள். கோமளா ஹார்லிக்ஸ் வாங்கிக் கொடுத்தாள். இந்த ஊரில் எந்த உடம்புக்கும் ஹார்லிக்ஸ்தான்.

வார்டு வாசலிலேயே சொர்ணம் எழுந்து வந்து கும்பிட்டாள். “அண்ணே, உங்களாலதான் அண்ணே நாலு குடும்பம் நல்லா இருக்கு. இவரு விதி, இவரு ஓடிட்டாரு. நீங்க தெரிஞ்ச நிமிஷமே சொல்லிட்டீங்களே, அதுவே பெருசு.” நான் ஹார்லிக்ஸை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

கோடி குப்புறப் படுத்திருந்தான். முகம் பக்கவாட்டில். இரண்டு கையும் தலையணை அளவுக்குக் கட்டு. என்னைப் பார்த்ததும் பல் தெரியச் சிரித்தான். காது கேட்காததால் வார்டே திரும்பிப் பார்க்கிற மாதிரி பேசினான்.

“அண்ணே! கஷாயம் குடுக்கச் சொன்னீங்களே, குடுக்காம விட்டுட்டேன்!”

பக்கத்துக் கட்டில்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். சொர்ணம் ஒரு கோடு போட்ட நோட்டையும் பேனாவையும் என்னிடம் கொடுத்தாள். “எழுதிக் காட்டுங்கண்ணே. படிச்சுக்குவாரு.”

எப்படி இருக்கிறாய் என்று எழுதினேன். சொர்ணம் அவன் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

“நல்லாருக்கேண்ணே! ஒண்ணே ஒண்ணுதான் மண்டையில ஓடிக்கிட்டே இருக்கு. கூடை யார்டை விட்டு ரெண்டு பத்துக்குத்தான் கிளம்புச்சு. நான் ரூமிலேர்ந்து பார்த்தேன். அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி தெரிஞ்சிருந்தாக்கூட தூக்கவே விட்டிருக்க மாட்டேன். உங்களுக்கு எத்தனை மணிக்குண்ணே தெரிஞ்சது?”

சும்மாதான் கேட்டான். பதினெட்டு வருஷம் ஹீட்டு ஹீட்டாக நேரம் எழுதிப் பழகிய ஆள் கேட்கிற கேள்வி. முகத்தில் சந்தேகம் என்று மருந்துக்கும் இல்லை. இருந்திருந்தால் ரிஜிஸ்டரில் உள்ளதையே எழுதியிருப்பேன்.

2.05 என்று எழுதினேன்.

நோட்டை சொர்ணம் வாங்கினாள். அவன் பக்கம் திருப்புவதற்கு முன்னால் அவள் கண் அதில் விழுந்தது.

“ரெண்டு அஞ்சா? போன் ரெண்டு இருபதுக்கு வந்துச்சுன்னு சொன்னாங்களே அண்ணே.” நோட்டிலிருந்து நிமிர்ந்தாள். “நடுவுல என்ன பண்ணிக்கிட்டு இருந்தீங்க?”

“என்னவாம்? என்னவாம்?” என்று கோடி கத்தினான்.

நோட்டைத் திருப்பிக் கேட்டு வாங்கி, ஸ்டூலில் உட்கார்ந்து, சாக்பீஸை எடுத்ததிலிருந்து எழுதினேன். கையெழுத்து பழையபடி கோணல் மாணலாக வந்தது. இரண்டு பக்கம் ஆனது. சொர்ணம் அதைப் படிக்கவில்லை, என் முகத்தையே பார்த்துக்கொண்டு அவனுக்கு நேராகப் பிடித்திருந்தாள். அவன் மெதுவாக, உதடு அசைய, வரி வரியாகப் படித்தான். சிரிப்பு எந்த வரியில் போனது என்று நான் கவனிக்கவில்லை. முதல் பக்கம் முடிந்ததும் என்னைப் பார்க்காமல், பக்கத்தைப் புரட்டச் சொல்லி அவளுக்குத் தலையை அசைத்தான்.